காசில் வந்த கடவுள் மகன்

1898ஆம் ஆண்டு, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஆலங்குடிப் பகுதியிலே, கருக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு புதையல் வெளிப்பட்டது. எண்ணிப் பார்த்தனர், 501 காசுகள். அத்தனையும் பொன். அத்தனையும் உரோமப் பேரரசின் முத்திரை தாங்கியவை. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பேசியன் வரையில், ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகை உலுக்கிய முகங்கள் எல்லாம் ஒரே பானைக்குள் அடங்கிக் கிடந்தன போலும்!

வியப்பு அதுவன்று. அக்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில், பேரரசனின் முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு! தேய்மானத்தால் வந்த கோடன்று. விழுந்து நசுங்கிய வடுவன்று. உளியை வைத்து, ஓங்கி அடித்து, வேண்டுமென்றே போட்ட வெட்டு. கன்னத்திலே வெட்டு, கண்ணருகே வெட்டு, வாகைமாலை சூடிய தலையிலே வெட்டு! கால் தூசுக்குக் காவியம் பாடப் புலவர் கூட்டம் காத்துக் கிடந்த உரோம மன்னனின் தலையிலே, தமிழகத்தில் யாரோ ஒருவன் உளியை வைத்தான்.

ஏன் வைத்தான்? அதனை ஆராயுமுன், அவன் யார் தலையிலே உளியை வைத்தான் என்பதனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்தித்தாள் இல்லாத காலம் அது. வானொலி இல்லை, சுவரொட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஆயினும் அரசன் பேசியாக வேண்டும். பிரிட்டனின் பனிமூட்டத்திலே காவல் நிற்கும் படைவீரனுக்கும், எகிப்தின் வயலிலே கதிர் அறுக்கும் உழவனுக்கும், தான் யார் என்று சொல்லியாக வேண்டும். அதற்கு உரோமன் கண்ட வழி, காசு. ஒவ்வொரு கையும் தொடும் பொருள். ஒவ்வொரு மடியிலும் புகும் பொருள். அதிலே ஒரு புறம் தன் முகத்தை வைத்தான். மறுபுறம் தன் பொய்யை வைத்தான்! பொய் என்று பொதுப்படச் சொல்லிவிட்டோம்; எவ்வகைப் பொய் என்பதனைக் காண்போம்.

உரோமில் குடியரசு இருந்தவரை, உயிரோடிருக்கும் மனிதனின் முகம் காசில் ஏறியதில்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அந்த வழக்கத்தை உடைத்தான். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் குத்துண்டு மாண்டான். அவன் மாண்ட சில திங்களில் வானிலே வால்வெள்ளி ஒன்று தோன்றிற்று. வால்வெள்ளி தோன்றுவதும் மறைவதும் வான்வெளியின் வழக்கம். ஆனால், சீசரின் உடன்பிறந்தாளின் பேரனும் வளர்ப்பு மகனுமான ஆக்டேவியன் என்ன சொன்னான்? "அதோ பாருங்கள், என் தந்தையின் ஆவி விண்ணகம் செல்கிறது" என்ற கதை பரவ இடங்கொடுத்தான். பின்னர் அகஸ்டஸ் என்னும் பட்டம் பெற்றுப் பேரரசனான போது, வால்வெள்ளியையே காசில் பொறித்தான். பக்கத்தில் "தெய்வ ஜூலியஸ்" என்று எழுதினான். தந்தை தெய்வமானால் மகன் யார்? கடவுளின் மகன்! ஆம், "திவி ஃபிலியஸ்", அதாவது தெய்வத்தின் மகன் என்ற பட்டம் அவன் காசுகளிலே நிலைத்தது. வான்வெளியிலே திரிந்த ஒரு வெள்ளி, மண்ணிலே ஒரு பரம்பரைக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது.

ஜாதகமும் விடவில்லை அவனை. இளமையிலே ஒரு சோதிடனிடம் போனான் என்றும், பிறந்த நேரத்தைக் கேட்டதும் சோதிடன் துள்ளி எழுந்து காலில் விழுந்தான் என்றும் சுவெட்டோனியஸ் எழுதிய வரலாறு கூறுகிறது. அதன் பிறகு அகஸ்டஸ் தன் ஜாதகத்தை ஊரறிய வெளியிட்டான்; தனக்குரியதெனக் கொண்ட மகர ராசியின் உருவை வெள்ளிக்காசில் அச்சிட்டான். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகக் கட்டத்தை மடியில் கட்டிச் செல்லும் நம் ஊர்ப் பெரியவர்களை எள்ளி நகையாடுகிறோமே, உலகப் பேரரசன் ஒருவன் அதனை நாணயத்திலேயே ஏற்றி நாடெங்கும் அனுப்பினான்!

தமிழகத்திலே மிகுதியாகக் கிடைக்கும் உரோம வெள்ளிக்காசுகள் இரண்டு வகை. கொங்கு நாட்டுப் புதையல்களைக் கிளறினால் இவ்விரண்டுமே கை நிறைய வரும். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ஒரே புதையலில் 522 வெள்ளிக்காசுகள் இருந்தன. பெரும்பாலும் இவ்விரு மன்னருடையவை.

முதல் வகை அகஸ்டஸுடையது. முகப்பிலே கடவுள் மகன். மறுபுறத்திலே இரண்டு இளைஞர் கேடயமும் ஈட்டியும் தாங்கி நிற்கின்றனர். கேயஸ், லூசியஸ் என்பார். மகள் வயிற்றுப் பேரர்களை மகன்களாகத் தத்தெடுத்து, "இளைஞர் தலைவர்" என்று பட்டமும் சூட்டிக் காசில் நிறுத்தினான் பாட்டன். தலைக்கு மேலே பூசாரிகளின் கருவிகள் இரண்டு: படையல் முகக்கும் அகப்பை ஒன்று, சகுனம் பார்ப்போனின் வளைந்த கோல் ஒன்று. அரியணைக்கு வாரிசு தயார் என்று காசு முழங்கிற்று. காசு கேட்டதா, காலம் கேட்டதா? லூசியஸ் கி.பி. 2இல் மாண்டான், கேயஸ் கி.பி. 4இல் மாண்டான். மாண்ட பிறகும் அவ்விளைஞர் கேடயத்தோடு கடல் கடந்து, கணவாய் கடந்து, நொய்யல் கரைக்கு வந்துகொண்டே இருந்தனர்.

இரண்டாவது வகை திபேரியஸுடையது. அவனும் தெய்வ அகஸ்டஸின் மகன் என்று முகப்பில் எழுதிக்கொண்டான். மறுபுறம் கையில் கிளை ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். சுற்றிலும் "தலைமைப் பூசாரி" என்ற எழுத்து. ஏசுநாதரிடம் வரி கொடுக்கலாமா என்று கேட்டுக் காட்டிய காசு இவ்வகையே என்று கிறித்தவ மரபு நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அரசனே கடவுளின் மகன். அவனே தலைமைப் பூசாரி. படைக்குத் தலைவனும் அவனே. எதிர்த்துப் பேச இடமுண்டா? வாளிடம் தப்பினால் வானம் பிடிக்கும். வானத்திடம் தப்பினால் வாள் பிடிக்கும்!

பின்வந்த மன்னர் இந்தக் கலையை இன்னும் வளர்த்தனர். கி.பி. 70இல் எருசலேம் தரைமட்டமாக்கப்பட்டது. வெஸ்பேசியனின் காசிலே ஈச்சமரத்தடியில் ஒரு பெண் தலை கவிழ்ந்து அழுகிறாள். "யூதேயா பிடிபட்டது" என்பது வாசகம். ஒரு மக்களினத்தின் கண்ணீரை வெற்றிச் சின்னமாக்கிச் சந்தையில் சில்லறையாகப் புழங்க விட்ட கொடுமைக்கு ஈடு சொல்ல நம்மால் இயலவில்லை. (அந்த வெஸ்பேசியன் ஒருவனுக்கு மட்டும் நகைச்சுவை இருந்தது. சாகக் கிடந்தபோது, தான் கடவுளாகிக் கொண்டிருப்பதாகத் தோன்றுகிறதென்று கேலி செய்தானாம். செத்தபின் மெய்யாகவே கடவுளாக்கிவிட்டனர்!)

காசு எவ்வளவு உரக்கப் பேசிற்றோ அவ்வளவு ஐயுற வேண்டும் என்பதற்கு இரண்டு சான்று போதும். கரகல்லாவும் கேட்டாவும் அண்ணன் தம்பியர். இருவரும் கைகோத்து நிற்பதாகவும், "ஒற்றுமை" என்னும் பெண்தெய்வம் வாழ்த்துவதாகவும் காசுகள் வந்தன. கி.பி. 211ஆம் ஆண்டின் இறுதியில், தாயின் மடியிலே வைத்துத் தம்பியைக் கொல்லச் செய்தான் அண்ணன். மாக்சிமினஸ் என்றொரு மன்னன் "படைவீரரின் பற்றுறுதி" என்று காசில் எழுதினான், கி.பி. 238இல் அவனுடைய படைவீரரே அவனைக் கொன்றனர். நூற்றாண்டு ஏற ஏற, காசின் வெள்ளி குறைந்தது, வாசகம் கூடிற்று. வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே போய், வெறுஞ் செம்பின் மேல் வெள்ளிப் பூச்சாக நின்ற கல்லியேனஸ் காலத்திலும் அமைதியும் வளமும் காசில் புன்னகை புரிந்துகொண்டுதான் இருந்தன.

விடுதலையின் பேரால் வந்த காசும் ஒன்றுண்டு. சீசரைக் குத்திய புரூட்டஸ் அச்சிட்டது. இரண்டு குத்துவாள், நடுவிலே, விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே கொலை நடந்த நாள். நெஞ்சை அள்ளும் சின்னம்! ஆனால், காசைத் திருப்பிப் பாருங்கள். மறுபுறம் புரூட்டஸின் முகம்! தன் முகத்தைக் காசில் போட்டான் என்பதும் சீசர் மீது சாட்டப்பட்ட பழிகளில் ஒன்றல்லவா? மன்னனைக் குத்தியவனையும் காசின் மயக்கம் விடவில்லை.

இத்தனை பெருமையும் பொய்மையும் சுமந்த காசு தமிழகம் வந்தது எதற்காக? மிளகுக்காக, முத்துக்காக, மெல்லிய துகிலுக்காக. யவனர் மரக்கலம் பொன்னைக் கொண்டுவந்து இறக்கி மிளகை ஏற்றிச் சென்ற காட்சியை அகநானூற்றின் 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டுகிறார். அதே காலத்துக் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய கடல்வழிக் குறிப்பு, முசிறிப் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சரக்குகளின் பட்டியலில் முதலிடத்தைப் பெருந்தொகையான நாணயத்துக்குத் தருகிறது. இந்தப் பக்கம் புலவன், அந்தப் பக்கம் வணிகன், ஒருவரை ஒருவர் அறியார், சான்று ஒன்று.

உரோமில் முணுமுணுப்பு எழுந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் மாண்ட பிளினி, ஆண்டுதோறும் இந்தியா 5 கோடி செஸ்டெர்ஸ் உறிஞ்சுகிறது என்று கணக்கெழுதினான். நூறு செஸ்டெர்ஸ் ஒரு பொற்காசு. எனவே 5 இலட்சம் பொற்காசு. அகஸ்டஸ் காலத்துப் பொற்காசு ஏறத்தாழ நம் ஒரு பவுன் எடை! உரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அந்நாளில் 225 வெள்ளிக்காசு. அதாவது 9 பவுன். கருக்காக்குறிச்சிப் பானையை நிரப்ப அவன் உண்ணாமல் உடுக்காமல் 55 ஆண்டுக்கு மேல் உழைக்க வேண்டும்.

பொன் போகிறதே என்ற புலம்பலில் பழி யார் மீது விழுந்தது? பெண்கள் மீது! நம் இன்பமும் நம் மாதரும் இவ்வளவு செலவு வைக்கின்றனர் என்று பிளினி கசந்துகொண்டான். கி.பி. 22இல் பேரரசன் திபேரியஸே மேலவைக்குக் கடிதம் எழுதி, மாதரின் மணிகளுக்காக நம் செல்வம் அயலாரிடமும் பகைவரிடமும் போகிறதென்று வருந்தினான். வருந்தியவனின் தலை பொறித்த வெள்ளிக்காசுதான் கொங்கு நாட்டிலே குவியல் குவியலாய்க் கிடைக்கிறது! மிளகிட்ட விருந்தை உண்டவர் ஆடவர். பட்டுடுத்த ஆடவரைத் தடுக்கவே கி.பி. 16இல் மேலவை ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. ஆயினும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவள் பெண். உரோமாயினும் ஊராயினும், கணக்கு உதைத்தால் கைகாட்டப்படுபவள் அவள்தானே!

இனி நம் பக்கம் வருவோம். இந்தக் கடவுள் மகனை நம்மவர் எப்படிப் பார்த்தனர்?

பிளினியே ஒரு செய்தி தருகிறான். கிளாடியஸ் ஆட்சிக் காலத்துக்குச் சற்று முன்பின்னாக, உரோமன் ஒருவனிடமிருந்து விடுதலை பெற்ற பணியாள் காற்றில் அலைப்புண்டு இலங்கைக் கரையில் ஒதுங்கினான். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளை அத்தீவின் மன்னன் வாங்கிப் பார்த்தான். முகங்கள் வேறு வேறு. ஒருவர் காலத்தில் அடித்தவையல்ல என்பது விளங்கிற்று. ஆனால் எடை ஒன்றே! உரோமர் நேர்மையானவர் என்று அந்த மன்னன் அதனால்தான் மதித்தானாம். தெய்வ மகன் என்ற எழுத்தை அவன் மதிக்கவில்லை, வால்வெள்ளியை மதிக்கவில்லை, எடையை மதித்தான். நாணயம் என்னும் ஒரே சொல்லால் காசையும் நேர்மையையும் குறிப்பது தமிழ். அந்தத் தீவு மன்னன் நாணயத்திலே நாணயம் தேடினான்.

அந்த நாணயம் கெட்டதும் நம்மவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கி.பி. 64இல் நீரோ காசைக் குறைத்தான். ஒரு இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தது போய் 96 காசு அடித்தான். வெள்ளியின் தரத்தையும் தாழ்த்தினான். இங்கே கிடைக்கும் வெள்ளிக்காசுப் புதையல்களைப் பாருங்கள்: அகஸ்டஸும் திபேரியஸும் ஆயிரக்கணக்கில், நீரோவின் குறைந்த வெள்ளியோ அருமையிலும் அருமை. அதன் பின் வந்தது பெரும்பாலும் பொன். ஆயிரக்கணக்கான கல் தொலைவிலே, இலத்தீன் ஓர் எழுத்தும் அறியாத வணிகன், பேரரசனின் பித்தலாட்டத்தைத் தராசுத் தட்டிலே பிடித்துவிட்டான்!

இப்போது உளிக்கு வருவோம். பொன்னின் உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க வெட்டினர் என்பார் சிலர். வெளிநாட்டுக் காசு இங்கே காசாகப் புழங்கலாகாது, பொன்னாகவே எடை போடப்பட வேண்டும் என்று உள்ளூர் ஆட்சியர் முகத்தைச் செல்லாததாக்கினர் என்பார் வேறு சிலர். இரண்டாவது கருத்தே நமக்குப் பொருத்தமாகப்படுகிறது. சோதிக்க மட்டுமே என்றால் ஓரத்தில் கீறினால் போதும், முகத்தைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. எக்கருத்தைக் கொண்டாலும் ஒன்று விளங்கும். அம்முகத்தினிடம் அஞ்சிய கையன்று அந்தக் கை.

தேசூரிலும் ஆரணியிலும் தறியின் முன் அமரும் தோழருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. கட்டுக்கு மேல் எவ்வளவு பகட்டான சீட்டு ஒட்டியிருப்பினும், ஜரிகையைத் தேய்த்துப் பார்க்காமல் அவர் ஏற்பதில்லை. மேலே பொன் முலாம், அடியிலே வெள்ளித் தகடு, அதற்கும் அடியிலே சிவந்த பட்டிழை. இவை இருந்தால் ஜரிகை, இல்லையேல் வெறும் மினுக்கு. சீட்டில் லட்சுமி இருந்தாலென்ன, யானை இருந்தாலென்ன? சுரண்டிய இடத்திலே என்ன தெரிகிறது என்பதே கேள்வி.

ஆனால், தமிழர் அனைவரும் உளியோடு நின்றனர் என்று பெருமை பேச வரலாறு இடந்தராது. வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி வெட்டுப்படாமலே கிடைக்கிறது. உரோமர் வழியிலே வந்த பழைய உலகப் படம் ஒன்று, பியூட்டிங்கர் படம் என்பர், அதன் இடைக்காலப் படி வியன்னாவில் உள்ளது. அதிலே முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் வரைந்து, "அகஸ்டஸ் கோயில்" என்று எழுதியிருக்கிறது! கடவுள் மகனுக்குச் சேரநாட்டுக் கரையிலே ஒரு கோயில்! கட்டியவர் யவன வணிகராகத்தான் இருக்க வேண்டும். உண்டியலில் என்ன விழுந்ததோ நாமறியோம்.

நம் மன்னரும் மயங்கினர். மூவேந்தர் காசுகளில் முதலில் வில்லும் புலியும் மீனும் யானையும் குதிரையுமே இருந்தன. பெருவழுதி என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த பாண்டியன் காசில் குதிரை நிற்கிறது. அதனை வேள்வியோடு இணைத்துப் பொருள் கூறுவாரும் உளர். பிறகு சேரர் வெள்ளிக்காசிலே புதுமை ஒன்று தோன்றிற்று. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை காசில், உரோமக் காசைப் பார்த்துச் செய்தாற்போல் மன்னன் முகம்! முகத்தைச் சுற்றிப் பெயர்! குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை ஆகியோர் பெயராலும் காசுகள் கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் திரட்டிப் படித்து உலகறியச் செய்தார். தமிழ் எழுத்து இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே காசில் ஏறிய சிறப்புக்கு மகிழ்கிறோம். ஆயினும், ஒரு கை அயல் மன்னனின் முகத்தை வெட்டிற்று, மற்றொரு கை அதே அச்சில் தன் முகத்தை வார்த்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. பழம்பெருமை பேசும் மேடைகளில் இது எழுவதில்லை. அந்தப் பொன் யாருக்குப் போயிற்று? இந்தியச் சரக்கு உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்கிறான் பிளினி. எகிப்தின் சுங்கச் சாவடியிலே நான்கில் ஒரு பங்கு வரி. வியன்னாவில் பாதுகாக்கப்படும் பாப்பிரஸ் ஏடு ஒன்று 1985இல் வெளியிடப்பட்டது; முசிறியோடு நடந்த வணிகத்தின் கடன் உடன்படிக்கை அது. ஹெர்மாபோலன் என்னும் ஒரே கப்பலில் வந்த யானைத்தந்தம், நறுமணப் பொருள் முதலியவற்றின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டெர்ஸ். 70 ஆயிரம் பொற்காசு! கடன் கொடுத்தவன், கப்பல் விட்டவன், வரி வாங்கியவன் எல்லோருக்கும் அந்த ஏட்டிலே இடமுண்டு. கொடியிலே மிளகு கிள்ளியவளுக்கு இடமில்லை.

நெய்தவனுக்கு மட்டும் இருந்ததா? உறையூர்த் துகிலை அந்தக் கிரேக்க வணிகன் ஊர்ப் பெயராலேயே குறிக்கிறான். நெய்தவன் பெயர் இல்லை. தேசூருக்குத் தென்கிழக்கே, புதுவையை ஒட்டிய அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது செங்கல் தொட்டிகள் வெளிப்பட்டன. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று அவர் கருதினார். இத்தாலியின் மட்கலமும் யவனரின் மதுச்சாடியும் அங்கே கிடைத்தன. அந்தச் சாயத்தொட்டியில் கையை முக்கியவனின் கூலி எவ்வளவு? பொற்காசுப் பானைகள் புதைக்கப்பட்டபோது அவன் வீட்டில் என்ன இருந்தது? ஒரு சேலை கடையிலே விற்கும் விலையையும், அதனை நெய்த இணையரின் கையில் சேரும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த ஆரணி வட்டாரத் தோழர், இக்கேள்வியின் சூட்டை நம்மினும் நன்கு அறிவார்.

எளியவன் கைக்கு வந்த உரோமக் காசு வேறு. அது பொன்னுமன்று, வெள்ளியுமன்று, கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளின் சின்னஞ்சிறு செப்புக்காசு. அதற்குள் உரோமிலே கடவுளரே மாறிவிட்டனர். வெல்லற்கரிய கதிரவனைத் தோழனென்று காசில் பொறித்த கான்ஸ்டன்டைன், 320களில் கதிரவனைக் கைவிட்டான். பின்னர் கிறித்துவின் சின்னம் காசில் ஏறிற்று. சாமி மாறினும் முகப்பில் மன்னன் தலை மாறவில்லை. அந்தச் செப்புக்காசுகள் கரூரிலும் மதுரையிலும் இலங்கையிலும் ஏராளமாய்க் கிடைக்கின்றன. போதாமல் போகவே இலங்கையில் அதே போன்று உள்ளூரிலும் செய்துகொண்டனர். உப்புக்கும் புளிக்கும் கை மாறிய காசு போலும். எண்ணற்ற விரல்கள் பட்டுப் பட்டு வழுவழுப்பாகித் தேய்ந்து போனதால், பலவற்றில் இருப்பது எந்தப் பேரரசனின் முகம் என்று நாணயவியலாராலும் சொல்ல முடிவதில்லை.